உங்கள் ஊரின் நிலப் பயன்பாட்டை மாற்றப் போகிறார்களா? ஊர்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பேரூராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தார்கள். மஞ்சள், நீலம், ஊதா, பச்சை என்று நிறங்கள். வீட்டு வரி கட்டப் போனவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். நானும் அப்படித்தான் இரண்டு தடவை நகர்ந்தேன். ஏரிக்குக் கீழே இருக்கும் ஆயக்கட்டு வயல்களில், அதாவது ஏரித் தண்ணீர் பாயும் வயல்களில், ஒரு பகுதி ஊதாவாக, அதாவது தொழிற்சாலைப் பகுதியாக, தீட்டப்பட்டிருக்கிறது என்று ஊருக்குத் தெரியவந்தபோது ஆட்சேபனை தெரிவிக்கக் கொடுத்த காலத்தில் பாதி போயிருந்தது. மிச்சமிருந்த நாட்களில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு முழுக் காலமும் கிடைக்கட்டும்.

இது இப்போது பல ஊர்களின் கதை. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களிலும் அரக்கோணம் பக்கத்திலும் இருக்கும் எத்தனையோ கிராமங்களும் சிறு நகரங்களும் ஒரே அரசாணையில் உள்ளே வந்துவிட்டன. கோயம்புத்தூரில் 1994-ல் வந்த திட்டத்துக்கு அப்புறம், 2041-ஐ இலக்காக வைத்துப் புதுத் திட்டம் தயாரித்தார்கள். மற்ற மாவட்டங்களிலும் வேலை நடக்கிறது. நெல்லும் கரும்பும் போடும் ஊருக்கு எதற்கு நகரத் திட்டம் என்று இனிமேல் யாரும் சும்மா இருந்துவிட முடியாது.

எந்த மாற்றம் வருகிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

ஊரில் பேச்சு கிளம்பும்போது எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும். "நிலத்தை எடுத்துக்கப் போறாங்களாம்" என்பார் ஒருவர். "நகராட்சி ஆகப்போகுது, நூறு நாள் வேலை போயிடும்" என்பார் இன்னொருவர். ஊரின் தரம் உயர்வது, நிலத்தை எடுப்பது, நிலப் பயன்பாட்டை மாற்றுவது, இவை மூன்றும் வேறு வேறு விஷயங்கள். ஊராட்சியைப் பேரூராட்சியாகவோ நகராட்சியாகவோ தரம் உயர்த்துவது உள்ளாட்சித் துறையின் முடிவு. நிலம் கையகப்படுத்துவதற்குத் தனிச் சட்டமும் இழப்பீடும் உண்டு. நிலப் பயன்பாட்டு மாற்றத்தில் உங்கள் நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். அதிலும் அதைச் சுற்றியும் எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்பதுதான் மாறும்.

அந்த மாற்றமும் மூன்று வழிகளில் வரலாம்.

முதல் வழி, ஊர் முழுவதற்கும் அல்லது பல ஊர்களுக்குச் சேர்த்தும் தயாராகும் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்). தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-ன் கீழ் இது வரும். பிரிவு 26-ன்படி அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவித்து, யார் வேண்டுமானாலும் ஆட்சேபனையும் ஆலோசனையும் எழுத்தில் தரலாம் என்று அழைக்க வேண்டும். அதற்குத் தரும் காலம் இரண்டு மாதத்துக்குக் குறையக் கூடாது.

இரண்டாவது, திட்டம் ஏற்கெனவே நடப்பில் இருக்கும் ஊரில் குறிப்பிட்ட சில சர்வே எண்களை மட்டும் வேளாண் பகுதியிலிருந்து குடியிருப்பாகவோ தொழிலாகவோ மாற்றச் சொல்லி நில உரிமையாளர் கேட்பது. இதற்குப் பிரிவு 32 இருக்கிறது. நாளிதழின் உள்பக்கத்தில் சின்ன விளம்பரமாக வரும், கெடுவும் அதிலேயே இருக்கும். ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது பெரும்பாலும் இந்த வழிதான் என்பது என் எண்ணம். பெரிய திட்டத்துக்குக் கூடும் கூட்டம் மூன்று ஏக்கர் மாற்றத்துக்குக் கூடுவதில்லை.

மூன்றாவது, எந்தத் திட்டத்துக்குள்ளும் வராத ஊர். அங்கே விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றப் பிரிவு 47-அ-வும் 2017-ல் வந்த விதிகளும் உள்ளன. மாவட்ட ஆட்சியரின் கருத்து, வேளாண்மைத் துறையின் கருத்து எல்லாம் கேட்டுத்தான் நகர் ஊரமைப்பு இயக்ககம் முடிவெடுக்கும். இங்கே ஊருக்கு அறிவிப்பு வரும் என்று காத்திருக்காதீர்கள். நிலத்தில் கல் நடும் சத்தம் கேட்டால் அன்றைக்கே ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கேளுங்கள்.

பட்டா ஒரு கணக்கு, வரைபட நிறம் வேறு கணக்கு

எங்கள் ஊரில் பலர் தடுக்கி விழுந்தது இங்கேதான். "என் பட்டாவில் நன்செய் என்றுதானே இருக்கிறது, அதை எப்படித் தொழிற்சாலைப் பகுதியாக்க முடியும்?" என்று கேட்டார்கள். முடியும். பட்டா, சிட்டா, அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கணக்கு), 'அ' பதிவேடு (ஊரின் எல்லா சர்வே எண்களின் வகையும் உள்ள பதிவேடு) எல்லாம் வருவாய்த் துறையின் கணக்கு. நிறம் தீட்டிய வரைபடம் நகர் ஊரமைப்புத் துறையின் கணக்கு. ஒன்றில் நன்செய் என்று இருக்கும்போதே மற்றதில் வணிகப் பகுதி என்று வந்துவிடலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார்ப்பது யாருடைய மேசையிலாவது நடந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அதை நாம் செய்ய வேண்டியிருக்கிறது. ஆட்சேபனையின் பலமும் அந்தப் பொருத்தத்தில்தான் இருக்கிறது.

வருவாய்க் கணக்கும் முழுக்கச் சரியாக இருக்காது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், ஊர் வழக்கில் யு.டி.ஆர்., ஏராளமான பிழைகள் நுழைந்தன. வாய்க்கால் தனியார் பட்டாவுக்குள் போயிருக்கும், களத்துமேடு காணாமல் போயிருக்கும். சந்தேகமான சர்வே எண்ணுக்கு அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

வரைவு முழுவதையும் கையில் வாங்குங்கள்

சுவரில் ஒட்டிய படம் போதாது. அதில் சர்வே எண் கண்ணுக்கே தெரியாது. திட்டத்தைத் தயாரிக்கும் உள்ளூர் திட்டக் குழும அலுவலகத்திலோ மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ வரைவு அறிக்கையைப் பார்க்கலாம். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் இணையதளத்திலும் வரைவுகளை வெளியிடுகிறார்கள். சென்னைப் பெருநகரப் பகுதிக்குள் இருந்தால் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தைக் கேட்க வேண்டும்.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை: இப்போதைய நிலப் பயன்பாட்டு வரைபடம், உத்தேச நிலப் பயன்பாட்டு வரைபடம், சர்வே எண் வாரியான அட்டவணை, திட்ட அறிக்கை. முதல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது மாறுகிறது என்று புரியும். எங்கள் ஊரில் 'இப்போதைய' வரைபடத்திலேயே பிழை இருந்தது. இரண்டு போகம் விளையும் வயலைத் தரிசு என்று போட்டிருந்தார்கள். கோடையில் எடுத்த படத்தை வைத்து வரைந்தார்களோ என்னவோ. அந்த ஒரு பிழையை அடங்கல் நகலோடு காட்டியதுதான் எங்கள் மனுவிலேயே வலுவான பக்கமாக ஆனது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுவதாக இருந்தால் அறிவிப்பு வந்த முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், பதிலுக்கு 30 நாள். இரண்டு மாதக் காலத்தில் ஒரு மாதம் அதிலேயே போய்விடும், அதற்காகக் கெடு நீளாது. நகல் மட்டும் கேட்காமல், கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள். நீர்வளத் துறையும் வேளாண்மைத் துறையும் இந்தத் திட்டம் பற்றி என்ன கருத்துத் தந்தன என்ற கேள்வி அதில் கட்டாயம் இருக்கட்டும். கருத்தே கேட்கவில்லை என்று பதில் வந்தாலும் அது உங்களுக்கு ஓர் ஆவணம்.

நிறங்களைப் பொறுத்தவரை குடியிருப்பு மஞ்சள், வணிகம் நீலம், தொழில் ஊதா, பொது நிறுவனங்கள் சிவப்பு, வேளாண்மை வெளிர்பச்சை என்பது பரவலான வழக்கம். ஆனாலும் ஓரத்தில் இருக்கும் குறிப்புப் பட்டியலைப் பார்த்தே முடிவுசெய்யுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் எதற்கு அனுமதி உண்டு என்பதை 2019-ன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்கின்றன. தொழில் பகுதி என்றால் எந்த வகைத் தொழில் என்பதையும் பாருங்கள். மாவு அரைக்கும் ஆலையும் அபாயகரமான ரசாயனம் கையாளும் ஆலையும் ஒரே வகையில் வராது.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஊரை நடந்து பாருங்கள்

இந்த வேலைக்கு மட்டும் குறைந்தது மூன்று நாள் ஒதுக்குங்கள். நான் இதில்தான் அதிகம் கற்றேன்.

முதலில் கிராம வரைபடத்தையும் சம்பந்தப்பட்ட புலப்படங்களையும் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவுப் படங்கள்) எடுத்து, மாறும் சர்வே எண்களை அதில் குறித்துக்கொள்ளுங்கள். 'அ' பதிவேட்டு விவரங்கள், பட்டா, புலப்படம் எல்லாம் அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கும். அப்புறம் நீர்க்கட்டியையோ (ஏரித் தண்ணீரை வயல்களுக்குத் திறந்து பங்கிடுபவர்), ஏரிப் பாசனம் பார்த்துப் பழகிய பெரியவர் ஒருவரையோ கூட்டிக்கொண்டு கரையில் ஏறுங்கள். எங்களோடு வந்த பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல். வரைபடத்தை அவரிடம் நீட்டியபோது, "அதெல்லாம் எனக்கு வேணாம்பா, என் பின்னாடி வா" என்றார். ஏரி நிரம்பி வழியும் கலங்கலில் ஆரம்பித்து, அப்படி வழிந்தோடும் மறுகால் தண்ணீர் எந்த வயல் ஓரமாகப் போய், எந்தத் தாங்கலில் (சிறு ஏரியில்) விழுந்து, எந்த ஓடை வழியாக அடுத்த ஊர் ஏரிக்குப் போகிறது என்று நடந்தே காட்டினார். வழியில் மூன்று இடத்தில் வாய்க்கால் பதிவேட்டில் இருந்தது, வரைபடத்தில் இல்லை. ஒரு இடத்தில் பதிவேட்டிலும் இல்லை, ஆனால் தண்ணீர் போன தடம் மண்ணில் இருந்தது.

பாலாற்றுப் படுகையில் ஏரிகள் ஒன்றோடொன்று கோத்தவை. மேல் ஏரி நிரம்பி வழிவது கீழ் ஏரிக்கு வரத்து. நடுவில் இருக்கும் நிலத்தை மண் கொட்டி இரண்டடி உயர்த்தி மனை போட்டால் கீழ் ஊருக்குத் தண்ணீர் வராது, மேல் ஊரில் தண்ணீர் வடியாது. இரண்டு ஊரும் ஒரே மழையில் கெடும். இப்படிக் கோத்திருப்பதை நிறம் தீட்டிய வரைபடத்தில் பார்க்க முடியாது. அது ஊரில் நடந்து பழகியவர்களுக்குத் தெரியும். ஊர்க்காரர்கள் இந்தத் திட்டத்துக்குக் கொடுக்கக்கூடிய பெரிய விஷயம் இதுதான் என்று நான் நம்புகிறேன். கோபத்தை எல்லாரும் எழுதலாம். தண்ணீர் போகும் பாதையைச் சர்வே எண்ணோடு எழுத நம்மால் மட்டும்தான் முடியும்.

நடக்கும்போது குறித்துக்கொள்ள வேண்டியவை: ஏரி உள்வாய் (தண்ணீர் நிற்கும் பரப்பு), கலங்கல், மதகு, வரத்துக் கால்வாய், மறுகால், ஓடை, ஊர்க் கிணறுகள். வண்டிப்பாதை, களத்துமேடு, மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி, சுடுகாடு, அங்கே போகும் வழி. ஊர்க்கோடியில் இருக்கும் தெருக்களுக்குச் சுடுகாட்டுப் பாதை எவ்வளவு பெரிய விஷயம் என்பது அது அடைபட்ட பிறகுதான் மற்றவர்களுக்குப் புரியும். அதனால் அந்தத் தெருக்காரர்களை முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு இடத்திலும் தேதி தெரிகிற மாதிரி கைப்பேசியில் படம் எடுங்கள். 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் எங்கே எத்தனை நாள் தண்ணீர் நின்றது, எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் என்று கேட்டு எழுதுங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படத்தையும் பார்க்க முடியும். ஒரே நிலம் மழைக்காலத்திலும் கோடையிலும் எப்படி இருக்கிறது என்று இரண்டு படம் பக்கத்தில் வைத்தால் பத்து வரி மிச்சம்.

மாற்றம் வேண்டும் என்பவர்களிடமும் பேசுங்கள்

ஊர் முழுக்க எதிர்க்கும் என்று நினைக்காதீர்கள். கடன் இருப்பவர், மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர், பிள்ளைகள் யாரும் விவசாயத்துக்குத் திரும்பி வராதவர், இவர்களுக்கெல்லாம் நிலத்தின் விலை ஏறுவது உண்மையான தேவை. வேளாண் பகுதி என்று முத்திரை விழுந்தால் பிள்ளைக்கு ஒரு வீடு கட்டவே சிரமப்பட வேண்டியிருக்குமோ என்ற பயமும் நியாயமானது. அவர்களைத் துரோகி என்று சொல்லிவிட்டால் அந்த வார்த்தை பத்து வருஷத்துக்கு நிற்கும்.

உட்கார்ந்து பேசினால் வழி கிடைக்கும். நத்தத்தை (ஊரின் வீட்டு நிலத்தை) ஒட்டிய மேட்டுப் புன்செயைக் குடியிருப்பாக்குங்கள், ஆயக்கட்டை விட்டுவிடுங்கள் என்று மாற்று யோசனையோடு போகலாம். சட்டம் ஆட்சேபனையோடு ஆலோசனையையும் கேட்கிறது. வேண்டாம் என்று மட்டும் சொல்லும் மனுவைவிட, 'இங்கே வேண்டாம், அங்கே செய்யலாம்' என்று சொல்லும் மனுவை அதிகாரிகள் நிறுத்திப் படிக்கிறார்கள்.

குத்தகைக்கு உழுபவர்களும் கூலி வேலை செய்பவர்களும் பட்டா இல்லையே என்று ஒதுங்குவார்கள். ஆட்சேபனை சொல்லப் பட்டா தேவையில்லை. 'எந்த நபரும்' சொல்லலாம் என்பதுதான் சட்டம். விற்பவருக்குப் பணமாவது வரும், நடவும் களையெடுப்பும் போய்விட்டால் அந்த வேலைக்குப் போகும் பெண்களுக்கு எதுவும் வராது. அவர்கள் மனு தனியாகவே போகட்டும்.

மனுவை எழுதுவது

ஒரே மாதிரி அச்சடித்து ஐந்நூறு பேர் கையெழுத்துப் போட்டால் அது ஒரே ஆட்சேபனையாக எண்ணப்பட வாய்ப்பு உண்டு. ஊர் பொதுமனு ஒன்று இருக்கட்டும். அதோடு, தெரிந்த விஷயத்தைத் தங்கள் வார்த்தையில் சொல்லும் முப்பது நாற்பது தனி மனுக்கள் போகட்டும். உணர்ச்சியை ஒரு வரியில் சொல்லிவிட்டு விவரத்துக்குப் போங்கள். இப்படி இருக்கலாம்:

"அனுப்புநர்: (பெயர், முகவரி). பெறுநர்: உறுப்பினர் செயலர், உள்ளூர் திட்டக் குழுமம்.

பொருள்: வரைவு முழுமைத் திட்டம், (ஊர்), சர்வே எண் (…) முதல் (…) வரை தொழில் பகுதியாக உத்தேசித்திருப்பதற்கு ஆட்சேபனை.

பார்வை: (நாள்) தேதியிட்ட அரசிதழ் அறிவிப்பு.

மேற்படி நிலங்கள் பெரிய ஏரியின் இரண்டாம் மதகு ஆயக்கட்டில் உள்ள நன்செய். கடந்த மூன்று ஆண்டுகளின் அடங்கல் நகல் இணைப்பு ஒன்றில் உள்ளது. இவற்றின் வடக்கு ஓரத்தில் சர்வே எண் (…) வழியாக ஏரியின் மறுகால் ஓடுகிறது. 'அ' பதிவேட்டில் வாய்க்கால் என்று உள்ள இது வரைவு வரைபடத்தில் இடம்பெறவில்லை (இணைப்பு இரண்டு). 2015 டிசம்பரில் இந்நிலங்களில் (…) நாட்கள் தண்ணீர் நின்றது (படங்கள், இணைப்பு மூன்று). எனவே மேற்படி சர்வே எண்களை வேளாண் பகுதியாகவே வைத்திருக்கவும், வாய்க்காலை வரைபடத்தில் நீர்நிலையாகக் குறிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். தொழில் பகுதிக்கு மாற்றாகச் சர்வே எண் (…) மேட்டு நிலத்தைப் பரிசீலிக்கலாம். நேரில் விளக்க வாய்ப்புத் தர வேண்டுகிறேன்."

பொது நிலம் கைமாறும் இடங்களில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் தந்த தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். ஊர்ப் பொதுக் குளம், மேய்ச்சல் நிலம் போன்றவற்றை ஆக்கிரமித்தவர்களுக்கே வரன்முறைப்படுத்திக் கொடுப்பதை அது கண்டித்தது. சட்ட மேற்கோளாக அதுவே போதும். வழக்குகளை அடுக்கி மனுவை நிரப்ப வேண்டியதில்லை.

டெல்டாவில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் (2020) இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். எண்ணெய், எரிவாயு எடுப்பது, உருக்காலை, தோல் பதனிடுதல் போன்ற பட்டியலிட்ட தொழில்களைத்தான் அது தடுக்கிறது. வயலை மனையாக்குவதை அது பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

கொடுத்ததற்குச் சான்று

நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் கையொப்பமும் வாங்காமல் வெளியே வராதீர்கள். தபாலில் என்றால் ஒப்புகையோடு விரைவுத் தபால். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் அதோடு இணைந்துவிட்டது. கடைசி நாளை நம்ப வேண்டாம், ஒரு வாரம் முன்னதாகவே போய்ச் சேரட்டும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுப்பதும், மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுப்புவதும் நல்லது. ஆனால் அங்கே கொடுத்தது திட்டக் குழுமத்துக்குக் கொடுத்ததாக ஆகிவிடாது. எங்கள் ஊரில் ஒரு தெருவே அப்படி நினைத்து இருந்துவிட்டது. கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது தெரிந்து, இரவோடு இரவாக மறுபடி எழுதினோம்.

ஊராட்சியாக இருந்தால் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் எது கெடுவுக்கு முன்னால் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேரூராட்சியில் கிராம சபை கிடையாது. அங்கே பகுதி சபையிலும் மன்றக் கூட்டத்திலும் கவுன்சிலர்கள் மூலம் கொண்டுவர வேண்டும். தீர்மானம் தானாகத் திட்டத்தை நிறுத்திவிடாது. ஆனாலும் பின்னால் நீதிமன்றம் வரை போக நேர்ந்தால், ஊர் உரிய நேரத்தில் பேசியது என்பதற்கு அதுதான் சாட்சி.

நேரில் கேட்க அழைத்தால் கூட்டமாகப் போகலாம், பேசுவது மூன்று பேராக இருக்கட்டும். தண்ணீர் தெரிந்தவர் ஒருவர், ஆவணம் தெரிந்தவர் ஒருவர், பாதிக்கப்படும் பெண் ஒருவர்.

ஒப்புதல் வந்த பிறகு

ஆட்சேபனைகளைப் பரிசீலித்து, திட்டம் அரசின் ஒப்புதலுக்குப் போகும். ஒப்புதல் அரசிதழில் வந்தால் அது நடப்புக்கு வந்துவிடும். அப்போதும் கதவு முழுக்க மூடிவிடுவதில்லை. உங்கள் ஆட்சேபனை என்ன ஆனது, எந்தக் காரணத்தால் ஏற்கப்பட்டது அல்லது தள்ளப்பட்டது என்று தகவல் அறியும் மனு போடுங்கள். காரணமே இல்லாமல் தள்ளியிருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட அது அடிப்படை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திட்டத்தை மறுஆய்வு செய்யச் சட்டத்தில் இடமும் உண்டு.

உங்கள் நிலத்தைச் சாலைக்கோ பூங்காவுக்கோ என்று ஒதுக்கியிருந்தால் பிரிவு 38-ஐ நினைவில் வையுங்கள். வரைவு அறிவிப்பு அரசிதழில் வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தும் அறிவிக்கை வராமலும், உடன்பாட்டின் பேரில் வாங்காமலும் இருந்தால் அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகக் கருதப்படும். அதனால் அரசிதழின் தேதியைப் பத்திரமாக எழுதி வையுங்கள்.

எங்கள் ஊரில் இரண்டாம் மதகு ஆயக்கட்டு திரும்பவும் பச்சையானது. வாய்க்கால்களில் இரண்டு வரைபடத்துக்குள் வந்தன. கலங்கலுக்குப் பக்கத்து நிலம் மாறவில்லை, மஞ்சளாகவே இருக்கிறது. அந்த சர்வே எண்ணுக்கு ஒவ்வொரு மழைக்காலமும் தேதியோடு படம் எடுத்துக் கோப்பில் சேர்த்துவருகிறோம்.